கசற்றிலும் பதிவுப் பெட்டியிலும் இருப்பதைக் கணனிக்கு மாற்றுவோம்

வன்னியில் ஒரு வீட்டுக்குச் சென்றால் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைக் கொண்டே அக்குடும்பத்தின் இடப்பெயர்வுக் கணக்கை ஓரளவு அறிந்துகொள்ளலாம். பல வீடுகளில் 2009ஆம் ஆண்டுக்குப் பின் எடுத்த படங்கள்தான் இருக்கின்றன. அதற்கு முந்திய திருமணப் படம், முதல் நன்மைப் படம், பூப்புனித நீராட்டுப் படம் எல்லாம் வழியில் விடப்பட்டன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்கள், 1996இல் கிளிநொச்சி நகரை விட்டு வெளியேறியவர்கள், 2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையில் கடல் அள்ளிச் சென்ற வீடுகளுக்கு உரியவர்கள், 2008ஆம் ஆண்டிலிருந்து 2009 மே மாதம் வரை இடம் மாறி இடம் மாறி நடந்தவர்கள் ஆகிய யாவரும் அரிசியையும் பிள்ளையையும் தூக்கினார்களே தவிர, அல்பத்தைத் தூக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று தப்பியிருக்கிறது. திருமண வீடியோவின் ஒரு பிரதியை லண்டனுக்கோ கனடாவுக்கோ சுவிற்சர்லாந்துக்கோ அனுப்பிவைக்கும் வழக்கம் எம்மவரிடையே இருந்தது. 2002ஆம் ஆண்டு ஏ9 வீதி திறந்தபின் ஊர் பார்க்க வந்த உறவினர்கள் கையில் கமராவுடன் வந்தார்கள். அவர்கள் எடுத்துச் சென்ற கசற்றுகள் இன்றும் வெளிநாட்டில் ஒரு அலுமாரிக்குள் இருக்கின்றன. இங்கும் சில வீடுகளில் பழைய கசற்றுகள் றங்குப் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. அவற்றுள் இருப்பது வெறும் காட்சியல்ல. இன்று இல்லாத ஒருவருடைய நடையும் சிரிப்பும் குரலும் ஆகும்.

கசற் இருக்கிறது என்பதனால் காட்சியும் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டியில் பதிந்து வைத்திருப்பதும் அவ்வாறே. பதிந்ததை வெளியில் எடுத்து, கணனிக்கு மாற்றி, பிரதி செய்து, வேறு வேறு இடங்களில் வைத்த பின்னரே அது எமக்கு உரியதாகிறது. அதை எவ்வாறு செய்வது என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

வீ.எச்.எஸ். கசற் 1976ஆம் ஆண்டு யப்பானில் ஜே.வி.சி. நிறுவனத்தினால் அறிமுகம் செய்யப்பட்டது. இலங்கையில் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே காலத்தில் வீடியோ டெக்கும் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. 1990இன் பின் வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தபோதும், எரிபொருளும் பற்றறியும் தடைசெய்யப்பட்டிருந்தபோதும், எங்கோ ஒரு லைட் மெசினை இயக்கி, ஊரே கூடிப் படம் பார்த்த காலத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கசற்றின் உள்ளே இருப்பது அரை அங்குல அகலமான மெல்லிய பிளாஸ்ரிக் நாடா. அதன் மேல் ஒருவகைப் பசையினால் காந்தத்தூள் ஒட்டப்பட்டிருக்கும். காட்சி முழுவதும் அத்தூளிலேயே பதிந்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் அப்பசையைக் கெடுக்கின்றன, பூஞ்சணம் பிடிக்கிறது, காலம் செல்லச் செல்லக் காந்தப் பதிவும் மங்குகிறது. தகரக் கூரைக்குக் கீழே, மாரியில் ஈரமும் கோடையில் வெக்கையுமாக இருக்கும் எங்கள் வீடுகள் நாடாவுக்கு ஏற்ற இடமல்ல.

நாடா பிழைத்தாலும் அதை ஓட்டும் டெக் பிழைக்க வேண்டும். உலகில் கடைசியாக வீடியோ டெக் செய்துவந்த யப்பானிய நிறுவனமான பூனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழுதானால் போடுவதற்குப் புதிய உதிரிப்பாகம் இல்லை. திருத்தத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். யுனெஸ்கோ நிறுவனம் 2019ஆம் ஆண்டில், ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கத்துடன் இணைந்து, காந்த நாடாக்களைப் பற்றிய ஓர் எச்சரிக்கைத் திட்டத்தையே தொடங்க வேண்டியதாயிற்று. நாடாவில் இருப்பதை மாற்றுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன என்று யாரும் எண்ணி இருக்கலாகாது.

2. கையில் இருப்பது எது?

வேலையைத் தொடங்குமுன் வீட்டில் இருப்பவற்றை ஒரு பாயில் பரப்பி இனம் பிரித்துக்கொள்ளுங்கள்.

அ) வீ.எச்.எஸ். கசற்: ஒரு புத்தகம் அளவு பெரியது. திருமண வீடியோக்களும், தொலைக்காட்சியிலிருந்து பதிந்த படங்களும் நிகழ்ச்சிகளும் இதிலேயே இருக்கும்.

ஆ) சிறிய கமராக் கசற்றுகள்: வீடியோ 8, ஹை 8, மினி டீ.வீ. என்பன. சமாதான காலத்தில் வெளிநாட்டவர் கொண்டுவந்த கமராக்களில் இவையே பாவிக்கப்பட்டன. இவற்றை ஓட்டுவதற்கு அதே வகைக் கமரா வேண்டும்.

இ) வீ.சீ.டி., டீ.வீ.டி. தட்டுகள்: ஸ்ரூடியோக்காரர் எழுதிக் கொடுத்தவை.

ஈ) பதிவுப் பெட்டி: செய்மதித் தொலைக்காட்சிப் பெட்டியிலோ, அதில் செருகிய பென் டிறைவிலோ பதிந்த நிகழ்ச்சிகள்.

முதலில் மாற்ற வேண்டியவை கசற்றுகளே. அவற்றுள்ளும் வேறெங்கும் கிடைக்காதவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். தொலைக்காட்சியிலிருந்து பதிந்த சினிமாப் படத்தை இன்னொருவரிடம் பெறலாம். அப்பாவின் குரலை இன்னொருவரிடம் பெற முடியாது. அதேவேளை "படக் கசற்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒதுக்கிவிடவும் வேண்டாம். கசற் தட்டுப்பாடான காலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்தார்கள். படம் முடிந்த பின் எஞ்சிய இருபது நிமிடத்தில் ஒரு பிறந்தநாள் இருக்கக்கூடும். கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

3. கசற்றிலிருந்து கணனிக்கு

தேவையானவை: வேலை செய்யும் ஒரு டெக், மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வயர், டெக்கையும் கணனியையும் இணைக்கும் யூ.எஸ்.பி. பதிவுக் கருவி (கடைகளில் ‘ஈசிகெப்’ என்ற பெயரில் கேட்கலாம்), மடிக்கணனி, தனியான ஒரு ஹாட் டிஸ்க்.

முதலாம் படி: கசற்றைப் பார்த்தல். மூடியை உயர்த்தி நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலவோ நூல் போலவோ தெரிந்தால் அது பூஞ்சணம். அந்தக் கசற்றை டெக்கினுள் போட வேண்டாம். பூஞ்சணம் டெக்கில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல கசற்றுகளுக்கும் பரவும். அதனை உறையிலிட்டு வேறாக வைத்து, துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குளிர் நாட்டிலிருந்து விமானத்தில் வந்த கசற்றை அன்றே ஓட்டாமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதில் நீர் படிந்து நாடா ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் படி: அழியாமற் காத்தல். கசற்றின் முதுகுப்புறத்தில் ஒரு சிறிய பிளாஸ்ரிக் தட்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அக்கசற்றில் மேலும் பதிய முடியாது. தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழையது அழியாது.

மூன்றாம் படி: டெக்கைத் துப்புரவாக்குதல். படத்தில் கோடுகள் விழுந்தால் டெக்கின் தலை அழுக்காயிருக்கிறது என்று பொருள். மின்னை நிறுத்திவிட்டு, ஐசோபுறொப்பைல் அற்ககோலில் நனைத்த மெல்லிய ஆட்டுத்தோலை உருளையின் மேல் அசையாமற் பிடித்து, மறுகையால் உருளையின் மேற்பகுதியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடைந்துவிடும். பஞ்சு கூடாது; அதன் நார் தலையில் சிக்கிக்கொள்ளும்.

நான்காம் படி: தளர்வு நீக்குதல். பல ஆண்டுகள் கிடந்த கசற்றை முழுவதும் முன்னே ஓட்டி, பின் முழுவதும் பின்னே ஓட்டுங்கள். நாடா சீராகச் சுற்றப்படும்.

ஐந்தாம் படி: இணைத்தல். டெக்கின் வெளியீட்டிலுள்ள மஞ்சள் முனை படத்துக்கும், சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கும் உரியவை. அவற்றை யூ.எஸ்.பி. கருவியில் செருகி, கருவியைக் கணனியில் செருகுங்கள். பதிவதற்கு ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ என்ற மென்பொருளை இலவசமாகப் பெறலாம். அளவை 720க்கு 576 என்றும், செக்கனுக்கு 25 சட்டங்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் பாவித்த பால் முறைக்கு இதுவே பொருத்தம். அசையும் கை, கால்கள் சீப்புப் பல்லுப்போலப் பிரிந்து தெரிந்தால், மென்பொருளில் ‘டீஇன்ரலேஸ்’ என்பதைத் தெரிவுசெய்க. பழைய படத்தின் வடிவம் 4க்கு 3 ஆகும். அகலத் திரையை நிரப்புவதற்காக இழுத்தால் முகங்கள் எல்லாம் பருத்துத் தெரியும், இழுக்க வேண்டாம்.

ஆறாம் படி: பதிதல். மூன்று மணித்தியாலக் கசற்றுக்கு மூன்று மணித்தியாலம் செல்லும், குறுக்குவழி கிடையாது. நடுவில் கரண்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது எமது ஊர்களில் எழக்கூடிய நியாயமான கேள்வி. எம்.பி.4 வடிவில் பதியும்போது கணனி நின்றால் அதுவரை பதிந்த முழுவதும் திறக்க முடியாமற் போகலாம். எம்.கே.வி. வடிவில் பதிந்தால் நின்ற இடம் வரையாவது மிஞ்சும். ஆகவே எம்.கே.வி.யில் பதிந்து, பின்னர் அதே மென்பொருளிலேயே எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். மடிக்கணனியின் பற்றறி கணனியைத் தாங்கும். டெக் நின்றால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். செக்கனுக்கு 5 மெகாபிற் என்ற தரத்தில் பதிந்தால் மூன்று மணித்தியாலம் ஏறத்தாழ 7 கிகாபைற்று இடத்தைப் பிடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் கசற்றுகளுக்கு ஒரு குறிப்பு. பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் எம்மைப் போலவே பால் முறைதான் இருந்தது. கனடாவில் என்.ரி.எஸ்.சி. முறை. அங்கு பதிந்ததைச் சாதாரண பால் டெக்கில் போட்டால் படம் உருண்டோடும். பிரான்சில் செக்காம் முறை. பால் டெக்கில் அது கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இப்படித் தெரிந்தால் கசற் கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். பல முறைகளையும் ஓட்டும் டெக்கைத் தேட வேண்டும். அல்லது அந்த நாட்டிலேயே மாற்றுவித்துக் கோப்பை அனுப்பச் சொல்லலாம். கசற்றைத் தபாலில் போட்டுத் தொலைப்பதிலும் இதுவே மேல்.

மினி டீ.வீ. கசற்றில் காட்சி ஏற்கெனவே டிஜிற்றல் முறையில் இருக்கிறது. அதை ‘பயர் வயர்’ என்ற இணைப்பின் வழியாகக் கணனிக்கு எடுத்தால் தரம் சிறிதும் குறையாது. ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13 கிகாபைற்று செல்லும். இன்றைய கணனிகளில் அந்த இணைப்பு இல்லை. பழைய கணனி ஒன்று அகப்பட்டால் வீசாமல் வைத்திருங்கள்.

4. தட்டுகளிலிருந்து

வீ.சீ.டி. தட்டைக் கணனியில் போட்டால் உள்ளே பல உறைகள் தெரியும். பெரிய அளவுள்ள ‘டற்’ கோப்பே படம். அதைப் பிரதி செய்தால் போதும். டீ.வீ.டி. ஆயின் ‘வீடியோ ரி.எஸ்.’ என்ற உறையை முழுவதாகப் பிரதி செய்க. வீட்டில் எழுதிய தட்டுகள் நிரந்தரமானவை அல்ல. கீறல் விழுந்த தட்டு ஒரு கணனியில் படிக்காவிட்டால் வேறொரு கணனியில் போட்டுப் பாருங்கள். படிக்கும் கருவிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

5. பதிவுப் பெட்டியிலிருந்து

கசற் செய்த வேலையை இன்று பதிவுப் பெட்டி செய்கிறது. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது அந்நிகழ்ச்சி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அவ்வாறான நிகழ்வுகளைப் பெட்டியில் பதிந்து வைத்தவர்கள் உண்டு. ஊர்த் திருவிழா, பாடசாலைப் பிள்ளை பங்குபற்றிய நிகழ்ச்சி, உள்ளூர்ச் செய்தி என்பனவும் அப்படியே. பெட்டி பழுதாகும்போது அவையும் போய்விடும். சில பெட்டிகளில் சந்தா நின்றவுடனேயே பதிவுகள் திறக்காமற் போகும்.

முதலாவது வகை, கட்டணமில்லாத அலைவரிசைகளைப் பெறும் சாதாரணப் பெட்டி. இதில் யூ.எஸ்.பி. துளை இருக்கும், பென் டிறைவைச் செருகிப் பதியலாம். பதிந்தபின் பென் டிறைவைக் கணனியில் செருகினால் பெரும்பாலும் ‘ரி.எஸ்.’ என்று முடியும் கோப்புகள் தெரியும். வீ.எல்.சி. என்ற இலவச மென்பொருள் அவற்றை ஓட்டும். ஒரே நிகழ்ச்சி பல துண்டுகளாக இருந்தால் பயப்பட வேண்டாம். பென் டிறைவுகளில் வழமையாக உள்ள பற் 32 என்ற ஒழுங்குமுறை 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. அதனாலேயே பெட்டி துண்டாக்குகிறது. எல்லாத் துண்டுகளையும் ஒழுங்கு மாறாமற் கணனிக்கு மாற்றி, பின்னர் ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை, கட்டணம் செலுத்திப் பெறும் சேவையின் பெட்டியும், சில புதிய தொலைக்காட்சிகளும். இவற்றில் பதிவது பூட்டிய நிலையிலேயே பதிகிறது; அந்தப் பெட்டியில் மட்டுமே திறக்கும். உள்ளேயிருக்கும் ஹாட் டிஸ்க்கைக் கழற்றிக் கணனியில் போட்டால், "இதனை வடிவமைக்கவா?" என்று கணனி கேட்கும். ‘ஆம்’ என்று அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். கழற்றவே வேண்டாம். பெட்டியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால், டெக்கை இணைத்ததுபோலவே அதையும் யூ.எஸ்.பி. கருவியுடன் இணைத்து, நிகழ்ச்சியை ஓடவிட்டுப் பதியலாம். தரம் சற்றுக் குறையும். ஆனால் காட்சி கையில் இருக்கும்.

மூன்றாவது வகை, டீ.வீ.டி. எழுதும் பதிவுக் கருவி. இதில் எழுதிய தட்டை இறுதியில் ‘பைனலைஸ்’ செய்யாவிட்டால் கணனி அதைப் படிக்காது. அந்தக் கருவி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு உரிமையாளர் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவ்வுரிமையைப் பாதுகாக்கிறது. வீட்டின் நினைவுக்காக வைத்திருப்பது வேறு, பிரதி செய்து விற்பது வேறு.

6. மாற்றியபின் செய்ய வேண்டியவை

கோப்புக்குப் பெயரிடுக. ‘வீடியோ 1’ என்ற பெயரால் பயனில்லை. ஆண்டு, மாதம், ஊர், நிகழ்ச்சி என்ற ஒழுங்கில் எழுதுங்கள். அதன்பின் முதியவர்களைக் கூப்பிட்டு இருத்தி, படத்தை ஓடவிட்டு, யார் யார் என்று கேட்டு ஒரு கொப்பியில் நிமிடக் கணக்குடன் குறித்துக்கொள்ளுங்கள். படம் நூறு ஆண்டு இருந்தாலும், முகத்துக்குப் பெயர் சொல்லக்கூடியவர் அவ்வளவு காலம் இருக்கமாட்டார். இவ்வேலையைக் கணனி செய்யாது.

மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று கணனியில், ஒன்று தனி ஹாட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ உள்ள உறவினரிடம். ஒரே இடத்தில் வைத்தது ஒரே நாளில் போய்விடும் என்பதை வன்னி மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அங்கு மட்டுமே இருந்த ஏடுகள் அத்தோடு முடிந்தன. பென் டிறைவைக் கொண்டுபோக மட்டும் பாவியுங்கள். காப்பதற்கு அது உகந்ததல்ல. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து பார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய ஹாட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மூலக் கசற்றை எறிய வேண்டாம். நாளை இதைவிட நன்றாக மாற்றும் வழி வரலாம். மேலும், எப்போதாவது சான்றாகக் கேட்கப்படுமாயின் மூலத்துக்கே மதிப்பு அதிகம்.

7. யாருக்குக் காட்டுவது?

கணனிக்கு வந்த காட்சி ஒரு நொடியில் உலகெங்கும் போய்விடும். ஆகவே, பகிருமுன் சிந்திக்க வேண்டும். வீடியோவில் இருப்பவர் இன்று வேறு வாழ்வு வாழ்பவராயிருக்கலாம். தம் முகம் வெளியில் வருவதை விரும்பாதிருக்க அவருக்கு நியாயமான காரணம் இருக்கலாம். அவரிடமோ அவரது குடும்பத்திடமோ கேட்காமல் முகநூலில் இடுவது தவறு.

வீட்டுக்குள்ளேயும் அவதானம் தேவை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கையில் ஏந்தியிருந்தவை ஒற்றைப் புகைப்படங்கள். அப்படிப்பட்ட தாய் ஒருத்திக்கு, தன் பிள்ளை நடந்துவரும் ஒரு நிமிடக் காட்சி கிடைத்தால் அது பெரும் கொடை. அதே காட்சி முன்னறிவிப்பின்றித் திரையில் வந்தால் பெரும் அதிர்ச்சியாகவும் இருக்கும். முதலில் சொல்லுங்கள், அவர் விரும்பும் நாளில், துணைக்கு ஒருவர் அருகிலிருக்கக் காட்டுங்கள்.

பொதுப் பெறுமதி உள்ளவை, அதாவது பழைய பாடசாலை விழா, கூத்து, ஊர்க் கோயிலின் பழைய தோற்றம், வயல் வேலை என்பன, உரியவர்களின் சம்மதத்துடன் பொதுக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்தாவணங்களுடன் ஒலி, ஒளி ஆவணங்களையும் டிஜிற்றல் முறையில் பாதுகாத்து வருகிறது.

8. ஊராகச் சேர்ந்து செய்வோம்

ஒவ்வொரு வீடும் டெக் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ, சனசமூக நிலையமோ ஒரு டெக், ஒரு கருவி, ஒரு ஹாட் டிஸ்க் ஆகியவற்றைப் பொதுவில் வைத்திருந்தால் போதும். பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிக்கும் இரு இளைஞர்கள் இரண்டு நாளில் இவ்வேலையைப் பழகிவிடுவர். கசற் கொண்டுவருபவரின் பெயரையும் திகதியையும் பதிவேட்டில் எழுதி, வேலை முடிந்ததும் கசற்றையும் கோப்பையும் ஒன்றாகக் கையளிக்க வேண்டும். உரியவரின் அனுமதியின்றிச் சங்கத்தின் கணனியில் ஒரு பிரதியும் எஞ்சியிருக்கக் கூடாது. இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஒருவரும் பெட்டியைத் திறக்கமாட்டார்கள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் எத்தனை வீடுகளில் பழைய கசற்றுகள் உள்ளன? அவற்றில் பூஞ்சணம் பிடித்தவை எத்தனை?

2. வேலை செய்யும் டெக் எவரிடம் இருக்கிறது? பொதுப் பாவனைக்குத் தருவாரா?

3. எந்தக் குடும்பத்தின் வீடியோ வெளிநாட்டில் இருக்கிறது? யார் தொடர்புகொள்வது?

4. பழைய முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய முதியவர்கள் யார்? அவர்களுடன் எப்போது அமரப் போகிறோம்?

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு அங்கத்தவரும் தம் வீட்டிலுள்ள கசற்றுகளையும் தட்டுகளையும் எண்ணி, ஒரு பட்டியல் எழுதிக் கொண்டுவரட்டும். மூன்றாம் கேள்விக்குரிய தொலைபேசி அழைப்பை இன்றிரவே எடுக்கலாம்.